கூட வந்த வள்ளம்

விடுமுறைக்காக ஊருக்கு வந்திருந்த என் தங்கை ஒரு மாலை, பருத்தித்துறை வெளிச்சவீட்டடியில் கடலைப் பார்த்தபடி ஒரு கதை சொன்னாள். அவளுடைய மகன் ஐரோப்பாவில் மலைப்பாதை ஓட்டப் போட்டிகளில் ஓடுகிறவன். நூறு கிலோமீற்றர், ஓர் இரவும் ஒரு பகலும், காடும் கல்லும் ஏற்றமும் இறக்கமுமான ஓட்டம். குறித்த சில இடங்களில் மட்டும் வீட்டார் ஒருவர் காத்திருந்து, உணவும் உலர்ந்த உடுப்பும் கொடுக்கலாம். தங்கைதான் அந்த ஆள்.

“அண்ணை, ஓடுறவனுக்குக் கால் நோகும். காத்திருக்கிறவளுக்கு என்ன நோகும் எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை” என்றாள்.

அந்த வார்த்தை என்னை உறுத்தியது. பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில் நெடுந்தூர நீச்சல் வீரர் ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். எத்தனை மைல், எத்தனை மணித்தியாலம், எத்தனை மாலைகள் என்றெல்லாம் கேட்டேன். கூட வந்த வள்ளத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்கவில்லை. ஆசிரியரும் கேட்கவில்லை, வாசகரும் கேட்கவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கும் சிறு முயற்சியாகவே இதை எழுதுகிறேன்.

பருத்தித்துறையிலிருந்து மேற்கே கரையோரமாகப் போனால் வல்வெட்டித்துறை, அதற்கப்பால் தொண்டைமானாறு. கடலை முற்றமாகக் கொண்ட ஊர்கள் இவை. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. அப்படிப்பட்ட கரையிலே, கப்பலில் போகும் கடலை நீந்தியே கடந்தாலென்ன என்று ஒருவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

அவர் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி. 1954 மார்ச் மாதத்தில் வல்வெட்டித்துறைக் கரையிலிருந்து நீந்தத் தொடங்கி, ஏறத்தாழ 27 மணித்தியாலங்களில் கோடிக்கரையை அடைந்தார். பாக்கு நீரிணையை முதன்முதலில் நீந்திக் கடந்தவர் என்ற பெருமை அவருக்கே உரியது. பின்னாளில் பலரும் நீந்தியது தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட வழி. அது ஏறக்குறைய 30 கிலோமீற்றர். நவரத்தினசாமி கடந்த வடபாகமோ 50 கிலோமீற்றருக்கும் மேற்பட்டது. மார்ச் மாதத்தைத் தேர்ந்ததன் பொருள் எங்கள் கரையில் பிறந்தவர்களுக்கு விளங்கும். வாடைக்காற்று ஓய்ந்து, சோளகம் எழுவதற்கு முன்னர் கடல் சற்றே மனமிரங்கும் காலம் அது.

27 மணித்தியாலம் என்றால் ஓர் இரவு முழுவதும் கடலில் கழிய வேண்டும். நீந்துபவனின் கண் நீர்மட்டத்தில் இருக்கிறது. அவனுக்குக் கரை தெரியாது, திசை தெரியாது. நீரோட்டம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போவதும் தெரியாது. அதை அறிந்து திருத்துபவர் வள்ளத்தில் இருப்பவர். இந்த நீச்சலின் பொதுவிதியோ கொடியது. நீந்துபவர் வள்ளத்தைத் தொடக்கூடாது. வள்ளத்தில் உள்ளவரும் அவரைத் தொடக்கூடாது. உணவைக் கம்பிலோ கயிற்றிலோ கட்டித்தான் நீட்ட வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் அண்ணனோ மைத்துனனோ துவண்டுகொண்டிருக்க, கையை மடியில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். தொட்டால் காப்பாற்றியவர் ஆகலாம். ஆனால் அத்தனை மணித்தியாலப் பாடும் அந்தக் கணத்திலேயே வீணாகிவிடும்.

1925 இல் அமெரிக்க நங்கை கேர்ட்ரூட் எடர்லி ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றார். அவர் மூழ்குகிறார் என்று கருதிய பயிற்றுநர் ஆளை அனுப்பிப் பிடிக்கச் செய்தார், முயற்சி செல்லாததாயிற்று. தான் ஓய்வாக மிதந்தேனேயன்றி மூழ்கவில்லை என்று எடர்லி வருந்தினார். அடுத்த ஆண்டு மீண்டும் வந்தபோது, துணைப்படகில் தந்தையும் தமக்கையும் இருந்தார்கள். கடல் கொந்தளித்தது, வெளியே வரும்படி குரல் எழுந்தபோது அவர் மறுத்துவிட்டார். அதுவரை நீந்திய ஆண்கள் எவரையும் விட விரைவாக, பதினான்கரை மணித்தியாலமளவில் அக்கரை சேர்ந்தார். கால்வாயை நீந்திக் கடந்த முதற் பெண் அவரே. அந்த நாள் 1926 ஆகஸ்ட் 6.

அதே ஆகஸ்ட் 6 எங்களுக்கு வேறொரு நாள்.

வல்வெட்டித்துறை தந்த வி. எஸ். குமார் ஆனந்தனை ‘ஆழிக்குமரன்’ என்றால்தான் எங்கள் பக்கத்தில் தெரியும். சட்டம் படித்தவர். 1971 இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்குப் போய், அங்கிருந்து நீந்தியே திரும்பினார். மொத்தம் 51 மணித்தியாலம். 1979 இல் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணித்தியாலங்களுக்கு மேல் இடைவிடாது சைக்கிள் ஓட்டினார். கின்னஸ் நூலில் அவருடைய சாதனைகள் பல இடம்பெற்றன. 1984 ஆகஸ்ட் 6 இல், ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியின்போது உயிர் நீத்தார். வயது 41.

அப்போது நான் பாடசாலை மாணவன். அந்த ஆவணியில் வடமராட்சியே பதற்றத்தில் கிடந்தது. மரணச் செய்திகள் எங்களுக்குப் புதிதல்ல. ஆயினும் இந்தச் செய்தி கேட்டு, வீட்டில் ஆச்சி அன்று அடுப்பு மூட்டவில்லை. “எங்கடை கடல் அந்தப் பிள்ளையை விட்டது. ஊரான் கடல் விடேல்லை” என்று மட்டும் சொன்னார்.

ஆச்சியின் பேச்சில் ஓர் அறிவியல் உண்மை இருந்ததைப் பின்னர்தான் அறிந்தேன். பாக்கு நீரிணையின் நீர் வெதுவெதுப்பானது. ஆங்கிலக் கால்வாயோ கோடையிலும் 16 முதல் 18 பாகை செல்சியஸ் அளவில்தான் இருக்கும். நீண்ட நேரம் அத்தகைய நீரில் கிடக்கும் உடல் தன் வெப்பத்தை இழக்கிறது. உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கும்போது சிந்தனையும் குழம்பத் தொடங்குகிறது. குளிர்ந்து சாகப்போகிறவன் “எனக்கு ஒன்றுமில்லை” என்றே சொல்வான்; அதை உண்மையென்று நம்பியும் சொல்வான். ஆகவே அவனுடைய சொல்லைக் கேட்டு முடிவெடுக்கக் கூடாது. அனுபவமுள்ள துணைவர்கள் நிமிடத்துக்கு எத்தனை முறை கை வீசுகிறான் என்று எண்ணுகிறார்கள். எளிய கேள்வி கேட்டுப் பார்க்கிறார்கள். விடை தடுமாறினால் ஆளைத் தூக்குகிறார்கள்.

இந்தப் பொறுப்பு எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். பொறுக்காமல் முந்தித் தூக்கினால் எடர்லியின் 1925. பிந்தினால் திரும்பப் பெறமுடியாத இழப்பு. இரண்டுக்கும் இடைப்பட்ட கணத்தை அறிவது, நீந்துவதைவிட எளிதென்று நான் நினைக்கவில்லை.

1966 இல் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தியபோது இந்தியக் கடற்படை துணை வந்தது. 1994 இல் தமிழகச் சிறுவன் குற்றாலீஸ்வரன் அதே வழியைக் கடந்தான். 2022 மார்ச்சில் ஆட்டிசம் உள்ள சிறுமி ஜியா ராய் சுமார் 13 மணித்தியாலங்களில் கடந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் நிலைத்தது. வள்ளத்திலிருந்த பெயர்கள் கரைந்துபோயின. எங்கள் வடபாகக் கடலோ போர்க்காலத்தில் தடைசெய்யப்பட்ட கடலாகி, நீந்துவதென்ன, மீன் பிடிக்கவும் அனுமதி கேட்க வேண்டியதாயிற்று.

தங்கையின் கதைக்குத் திரும்புகிறேன். எழுபதாவது கிலோமீற்றரில், இரவு இரண்டு மணிக்கு, மழையில் நனைந்து வந்தான் மகன். உதடு நீலம். “எனக்கு ஒண்டும் இல்லை அம்மா, சப்பாத்தைத் தா” என்றான். அவள் சப்பாத்தைக் கொடுக்கவில்லை. “அம்மம்மா வீட்டுக் கிணறு எந்தப் பக்கம், சொல்லு பாப்பம்” என்று கேட்டாள். சின்ன வயதில் ஒவ்வொரு விடுமுறையிலும் அவன் குளித்த கிணறு. அவன் யோசித்தான். நெடுநேரம் யோசித்தான். பிறகு, “எந்த அம்மம்மா?” என்றான்.

அவள் அவனுடைய இலக்கத் துணியைக் கழற்றி நடுவரிடம் கொடுத்துவிட்டாள். மூன்று மாதம் அவன் தாயோடு முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

“இப்ப கதைக்கிறானோ?” என்று கேட்டேன்.

“வாற வருசம் திரும்ப ஓடப்போறானாம். என்னைத்தான் வரட்டாம்” என்றாள்.

வல்வெட்டித்துறை ரேவடிக் கரையில் ஆழிக்குமரன் பெயரால் நீச்சல் தடாகம் இருக்கிறது. அங்கே பிள்ளைகளை நீந்த விட்டுவிட்டு, துவாயோடு கரையில் நிற்கும் தாய் தந்தையரைக் கண்டால், இனி நான் அவர்களிடமும் பெயர் கேட்பேன்.