மின்னூல் அடுக்கின் வரலாறு

அச்சு நூலின் ஒரு படி ஒரு தட்டில்தான் இருக்க முடியும் என்பதால், அதை எங்கே வைப்பது என்பதே நூலகர்களின் நெடுநாள் சிக்கலாக இருந்தது. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, நூலின் பொருளை இடம், காலம் முதலிய கூறுகளாகப் பகுத்துக் குறியீட்டில் கோத்ததாயினும், அக்குறியீடும் இறுதியில் ஒரே தட்டைத்தான் சுட்டியது. மின்னூல் இக்கட்டினை அவிழ்த்தது. ஆனால், நூலைக் கண்டெடுக்கும் பொறுப்பு முழுவதும் அதன் விவரக்குறிப்பின்மேல், அதாவது தலைப்பு, ஆசிரியர், மொழி, பொருள் ஆகியவற்றைச் சொல்லும் தரவின்மேல் விழுந்தது.

இத்தரவுக்குப் பொது இலக்கணம் காணும் முயற்சி, 1995இல் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்து டப்ளின் நகரில் கூடிய வல்லுநர்களால் தொடங்கி, டப்ளின் கோர் என்னும் பெயரில் 15 கூறுகளாக நிலைபெற்றது. 2007இல் தரநிலையான இபப் என்னும் மின்னூல் வடிவம், அக்கூறுகளைக் கொண்ட விவரத்தாள் ஒன்றைக் கோப்புக்குள்ளேயே வைத்தது. அதில் தலைப்பு, மொழி, அடையாளக் குறி ஆகிய மூன்றே கட்டாயம் என்பதால், ஆசிரியர் பெயர் இல்லாத நூலும் விதிப்படி செல்லுபடியாயிற்று.

சோனி நிறுவனம் 2006இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்னூல் படிப்பானுக்கு லினக்ஸ் கணினிகளில் இயங்கும் மென்பொருள் இல்லாததால், கோவித் கோயல் அவ்வாண்டே ஒன்றை எழுதத் தொடங்கினார்; 2008இல் காலிபர் எனப் பெயர் மாறிய அம்மென்பொருள், ஆசிரியருக்கொரு கோப்புறையும் அதனுள் நூலுக்கொரு கோப்புறையும் அமைத்து, அட்டைப்படத்தையும் விவரத்தாளையும் நூலுடனேயே வைக்கிறது. பெயரின் கடைசிச் சொல்லை முன்னால் கொண்டுவந்து அகரவரிசைப்படுத்துவது அதன் இயல்பான வழக்கம். உ.வே. சாமிநாதையர் போன்ற தலைப்பெழுத்துப் பெயர்களுக்கு இது பொருந்துகிறது; சுந்தர ராமசாமியோ, தமிழ் வாசகர் தேடும் சகர வரிசையை விட்டு ரகர வரிசைக்குப் போய்விடுகிறார். இதைக் கையால் திருத்துவதற்கும் மென்பொருள் இடமளிக்கிறது.

2007இல் வெளிவந்த கிண்டில் என்னும் மின்னூல் படிப்பானில் வரிசைப்படுத்திய பட்டியல் மட்டுமே இருக்க, 2010இல் சேர்க்கப்பட்ட 'தொகுப்பு' வசதி ஒரே நூலைப் பல தலைப்புகளின்கீழ்க் காட்ட வழிசெய்தது. எனினும் அப்பகுப்பு நூற்கோப்புக்குள் பதியப்படாமல் தனிப் பட்டியலாக இருந்ததால், பிற நிறுவனத்தின் கருவிக்கு நூலோடு சேர்ந்து செல்லவில்லை. விவரத்தாளில் எழுதப்பட்டதே எங்கும் உடன்செல்லும் என்பதால், முன்பு நூலகப் பணியாளர் செய்த பட்டியலிடும் வேலை, மின்னூல் காலத்தில் வாசகரின் கடமையாயிற்று.