கெமாஸ் தோட்டங்களின் முதற் குடும்பங்கள்: சொற்களில் எஞ்சிய வரலாறு

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், ஜொகூர் எல்லையை ஒட்டி அமைந்த சிற்றூர் கெமாஸ். தீபகற்ப மலேசியாவின் மேற்குக்கரை இருப்புப்பாதையும் கிழக்குக்கரை இருப்புப்பாதையும் இவ்வூரில் சந்திக்கின்றன. போர் வரலாறு பயின்றோர், 1942ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் இதன் அருகே நடந்த சமரையும் அறிவர். இருப்புப்பாதையும் சமரும் நூல்களில் இடம்பெற்றுவிட்டன. அந்நிலையத்தில் இறங்கி, மூட்டை முடிச்சுகளுடன் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கு நடந்துசென்ற தமிழ்க் குடும்பங்களின் வாழ்க்கை அவ்வாறு இடம்பெறவில்லை. அக்குடும்பங்களைப் பற்றியே இவ்வுரையில் பேச விழைகிறோம்.

இவர்களை ‘உழவர் குடும்பங்கள்’ என்றே அழைக்க விரும்புகிறோம். காலனிய ஆவணங்கள் இவர்களைக் ‘கூலிகள்’ என்று எழுதின. பிற்காலத்தார் ‘தோட்டப் பாட்டாளிகள்’ என்றனர். இரண்டும் இந்நாட்டில் அவர்கள் ஏற்ற வேலையைக் கொண்டு அமைந்த பெயர்கள். கப்பலேறுவதற்கு முன் அவர்கள் வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சாவூர் முதலிய மாவட்டங்களில் நிலத்தை நம்பி வாழ்ந்தவர்கள். பெரும்பாலோர்க்குச் சொந்த நிலம் இல்லை. பிறர் நிலத்தில் ஏர் பிடித்தும் நாற்று நட்டும் களையெடுத்தும் வாழ்ந்தனர். அவர்கள் கடல் கடந்து கொண்டுவந்த செல்வம் அந்த உழவறிவும் அதற்குரிய சொற்களுமே.

அவர்கள் வந்த சூழலைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். 1876இல் பிரேசில் நாட்டிலிருந்து லண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுசெல்லப்பட்ட ரப்பர் விதைகளின் கன்றுகள் மறு ஆண்டே சிங்கப்பூரை அடைந்தன. 1896இல் மலாக்காவில் தான் சே யான் வணிக முறையில் ரப்பர் பயிரிட்டார். மோட்டார் வண்டித் தொழில் வளர வளர ரப்பரின் விலை ஏறி, 1910இல் உச்சத்தைத் தொட்டது. அதே ஆண்டுகளில்தான் கெமாஸும் சந்திப்பு நிலையமாயிற்று. 1909இல் ஜொகூர் மாநில இருப்புப்பாதை நிறைவுற்றது. 1910இல் கெமாஸிலிருந்து பகாவ் வரை கிழக்குக்கரைப் பாதையின் முதற்பகுதி திறக்கப்பட்டது. தண்டவாளம் சென்ற வழியே தோட்டங்களும் பெருகின.

தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டபின், கங்காணி முறையே முதன்மை பெற்றது. தோட்டத்திலிருந்து தன் ஊருக்குச் செல்லும் கங்காணி, உறவினரையும் ஊராரையும் திரட்டிக்கொண்டு வருவார். 1907இல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதியத்திலிருந்து கப்பற் கட்டணம் செலுத்தப்பட்டது. நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறியோர் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கித் தடுப்பு முகாமில் தங்கியபின் இரயிலேறினர். ‘கண்காணி’ என்பது சோழர் கல்வெட்டுகளில் மேற்பார்வை அலுவலரைக் குறித்த சொல். அச்சொல் ‘கங்காணி’ எனத் திரிந்து, ஆள் திரட்டி வந்து, அவர்தம் உழைப்பில் நாளொன்றுக்கு ஆளுக்கு இவ்வளவு எனப் பங்கு பெற்றவரைக் குறிக்கலாயிற்று. ஒரு சொல்லின் பொருள்மாற்றத்தில் ஒரு சமுதாயத்தின் நிலைமாற்றம் தெரிகிறது.

மொழியியல் மாணவராக நாம் 1980களில் இவ்வட்டாரத் தோட்டங்களில் களப்பணி செய்தோம். தோட்டத் தமிழின் சொற்றொகுதியைத் திரட்டுவது அன்றைய நம் நோக்கம். எழுபது வயதைத் தாண்டிய மூதாட்டியரும் முதியவர்களும் லயத்து வாசலில் அமர்ந்து நம் வினாக்களுக்குப் பொறுமையுடன் விடையளித்தனர். அன்று திரட்டிய சொற்களை இன்று மீண்டும் படிக்கையில், அவை ஓர் ஒழுங்கில் அமைவதைக் காண்கிறோம்.

அதிகாரத்தையும் நிர்வாகத்தையும் குறித்த சொற்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவை. விடியுமுன் ஆள்கணக்கு எடுக்கும் ‘பெரட்டு’, ‘பரேடு’ என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. வரிசை வீடுகளைக் குறித்த ‘லயம்’, ‘லைன்’ என்பதன் திரிபு. மரத்தில் கட்டும் ‘மங்கு’ மலாய்மொழியின் ‘மங்கோக்’. ரப்பரைக் குறித்த ‘கித்தா’ மலாயின் ‘கெத்தா’. ஆனால் மரத்தோடும் மண்ணோடும் கைகள் நேரே உறவாடிய இடத்தில் அவர்கள் தம் சொற்களையே பயன்படுத்தினர். மரம் ‘பால்மரம்’, வடிவது ‘பால்’, வேலை ‘பால்வெட்டு’, வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டியது ‘ஒட்டுப்பால்’, மங்கில் உறைந்தது ‘கட்டிப்பால்’, ஒருவர் பொறுப்பில் விடப்பட்ட மரவரிசை ‘நிரை’. மூதாதையர் கண்டிராத ஓர் அயல்நாட்டு மரத்தை, பசுவையும் வயலையும் அறிந்த மக்கள் தம் மொழிக்குள் இவ்வாறு குடியமர்த்தினர். எழுத்தறியாதவர் என்று ஏடுகளில் குறிக்கப்பட்டோர் செய்த சொல்லாக்கம் இது. கலைச்சொல்லாக்கக் குழு எதுவும் அவர்களுக்கு உதவவில்லை.

அவர்களின் ஒரு நாளையும் இச்சொற்களைக் கொண்டே அறியலாம். வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். ஆதலின் இருள் பிரியுமுன் பெரட்டு. கைக்குழந்தைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுத் தாய்மார் நிரைக்குச் செல்வர். முந்நூறு, நானூறு மரங்களை வெட்டி முடித்து, சற்றே பசியாறி, மீண்டும் அதே மரங்களிடம் சென்று பாலெடுத்து, வாளிகளைக் காண்டாவில் தொங்கவிட்டுத் தோளிற் சுமந்து கொட்டகைக்குக் கொண்டுவருவர். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் பல இடங்களில் கூலியும் இல்லை. 1920களின் பிற்பகுதியில் அரசு சில வட்டாரங்களுக்கு வரையறுத்த தரக்கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. வேலை முடிந்து திரும்பியபின் அடுப்பும் குழந்தைகளும் பெண்ணுக்குக் காத்திருந்தன. அவ்வேலைக்கு எந்தக் கணக்கேட்டிலும் பத்தி இல்லை.

மாலைப்பொழுது மட்டுமே அவர்களுக்கு உரியது. அப்பொழுதில் அவர்கள் மீண்டும் உழவராயினர். லயத்தின் பின்புறத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் நட்டனர். கீரையும் அவரையும் பூசணியும் பயிரிட்டனர். ஆடு மாடு வளர்த்தனர். பாலை விற்றுச் சேர்த்த காசே பல குடும்பங்களில் காதுக்குத் தோடாகவும் ஊருக்கு அனுப்பும் பணமாகவும் மாறியது. நாம் கண்டு பேசிய ஒரு மூதாட்டி, தம் தாயார் ஊரிலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்த அவரை விதையைப் பற்றிச் சொன்னார். அவ்விதையின் வழிவந்த கொடி அப்போதும் அவர் வீட்டு வேலியில் படர்ந்திருந்தது. அதனை அவர் ‘எங்க ஊரு அவரை’ என்றே குறிப்பிட்டார். அந்த ஊரை அவர் எட்டு வயதுக்குப் பின் பார்த்ததில்லை.

பள்ளிவயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தவேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு விதித்தது. பல தோட்டங்களில் அப்பள்ளி ஒரு கொட்டகை. ஆசிரியர் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு கங்காணியோ கிராணியோ. குறைகள் பல இருந்தும், இந்நாட்டில் தமிழ் எழுத்து அடுத்த தலைமுறையைச் சென்றடைந்த வழிகளுள் அக்கொட்டகை முதன்மையானது.

குடும்பங்கள் வேரூன்றத் தொடங்கிய வேளையில் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. 1930இலிருந்து ரப்பர் விலை வீழ்ந்தது, கூலி குறைக்கப்பட்டது, ஓரிரு ஆண்டுகளில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் திருப்பி அனுப்பப்பட்டனர். 1936 இறுதியில் மலாயா வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்த சீனிவாச சாஸ்திரியாரின் அறிக்கை மறு ஆண்டு வெளிவந்தது. 1938இல் இந்திய அரசு, உதவிபெற்றுக் குடிபெயர்வதைத் தடைசெய்தது. அதன்பின் ஊரிலிருந்து புதிய ஆள்கள் வருவது பெரிதும் நின்றது. இங்கிருந்தோர்க்கு இத்தோட்டமே ஊராயிற்று.

அடுத்து வந்தது போர். 1942 சனவரியில் கெமெஞ்சே பாலத்தருகே ஆஸ்திரேலியப் படையினர் ஜப்பானியரை மறைந்திருந்து தாக்கினர். ஜப்பானியரின் முன்னேற்றம் சிறிது தடைப்பட்டதேயன்றி நிற்கவில்லை. சிங்கப்பூர் வீழ்ந்தபின் ரப்பருக்கு வாங்குவோர் இல்லை. தோட்ட மக்களுக்கு அரிசியும் இல்லை. மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. சயாம்–பர்மா இருப்புப்பாதை அமைக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரக்கணக்கில் கொண்டுசெல்லப்பட்டனர். நோயாலும் பட்டினியாலும் மாண்டோர் தொகை மிகப் பெரிது. கெமாஸில் தொடங்கும் கிழக்குக்கரைப் பாதையின் நீண்டதொரு பகுதியின் தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டு அப்பாதைக்கே கொண்டுசெல்லப்பட்டன. போருக்குப்பின் பாதை மீண்டும் அமைக்கப்பட்டது. ‘சயாமுக்குப் போனவர்’ என்னும் தொடர் தோட்டத் தமிழில் ‘திரும்பாதவர்’ என்ற பொருளில் நிலைத்தது. அத்தொடரைச் சொல்லும்போது நம் தகவலாளிகள் குரலைத் தாழ்த்தினர் என்று நம் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறோம்.

விடுதலைக்கு முன்னும் பின்னும் நிலை மாறிக்கொண்டேயிருந்தது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, தொழிலாளரே பங்குதாரராகித் தோட்டம் வாங்கும் பொருட்டு 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1968ஆம் ஆண்டின் வேலை அனுமதிச் சட்டத்தால் குடியுரிமை பெறாத பலர் வேலையிழந்து, தாம் அறியாத ‘ஊருக்கு’த் திரும்பினர். பின்னர்ப் பால்மரம் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது. பெரட்டும் நிரையும் ஒட்டுப்பாலும் பேச்சிலிருந்து நீங்கின. இன்று கெமாஸ் வட்டாரத்தில் இச்சொற்களைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் இளைஞர் மிகச் சிலர்.

இவ்விடத்தில் நம் தவறு ஒன்றை அவையோர்முன் வைக்க வேண்டும். அண்மையில் இளைஞர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். தம் கொள்ளுப்பாட்டி நமக்குத் தகவல் தந்தவர்களுள் ஒருவர் என்றும், அவர் என்ன சொன்னார் என்று அறிய விரும்புவதாகவும் கூறினார். நாம் பழைய குறிப்பேட்டை எடுத்தோம். ‘தகவலாளி 7, பெண், வயது ஏறத்தாழ 70’ என்றிருந்தது. ஒலிப்புக் குறிப்புகள் துல்லியமாக இருந்தன. சொற்களின் பொருள் தெளிவாக இருந்தது. பெயர் மட்டும் இல்லை. தகவலாளியை எண்ணால் குறிப்பது அன்றைய ஆய்வுமுறை. எண்ணுக்கு நேரே பெயரைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கலாம். நாம் அதைச் செய்யவில்லை. தோட்ட நிர்வாகத்தின் பதிவேடு அவர்களை எண்ணாக எழுதியதைக் குறைகூறும் நாம், நம் ஆய்வேட்டிலும் அதையே செய்திருந்தோம். ஏழாம் எண்ணுக்கு உரியவர் அந்த இளைஞரின் கொள்ளுப்பாட்டிதானா என்று நம்மால் உறுதி கூற இயலவில்லை. அவரை விதையைப் பற்றிய குறிப்பை மட்டும் படித்துக் காட்டினோம். தம் பாட்டியின் வீட்டிலும் வேலியில் அவரைக்கொடி உண்டு என்றார் அவர். அவரைக்கொடி இல்லாத வேலி அந்நாளில் அரிது என்பதை அவரிடம் சொல்லவும் நேர்ந்தது.

ஆதலின் இவ்வுரையைக் கேட்போரிடமும் படிப்போரிடமும் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். வீட்டில் முதியோர் இருப்பின், முதன்முதலில் இந்நாட்டுக்கு வந்தவரின் பெயரைக் கேட்டு, தந்தைவழியோடு தாய்வழியையும் சேர்த்து எழுதுங்கள். அவர் புறப்பட்ட ஊரின் பெயரை அவர்கள் ஒலிக்கும் வண்ணமே எழுதுங்கள், திருத்த முற்படாதீர்கள். அவர்கள் வேலையிலும் அடுக்களையிலும் வழங்கிய சொற்களை, ‘கொச்சை’ என்று ஒதுக்காமல், சொன்னவர் பெயரோடு சேர்த்து எழுதுங்கள். பெரிய ஆய்வுக்கூடம் இதற்கு வேண்டுவதில்லை. ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போதும். எழுதியதில் ஒரு படியை அருகிலுள்ள தமிழ்ப்பள்ளி நூலகத்திலும் வையுங்கள்.

சொற்களை நாம் காத்தோம். அவற்றைப் பேசியவரின் பெயர்களைக் காக்கத் தவறினோம். நம் தலைமுறை விட்ட அப்பணியை உங்கள் தலைமுறை முடிக்கும் என்னும் நம்பிக்கையோடு அமைகிறோம்.