தாயின் தொழிலும் சிசுவின் கண்ணும்

சிசுவின் அவயவக் குறைக்குத் தாய் செய்யும் தொழில் காரணமாகுமா என்ற கேள்வி மதுரைப் பக்கத்தில் எழும்போதெல்லாம், சுங்குடிச் சாயப்பட்டறையும் செங்கல் சூளையும் பருத்திக்காட்டில் அடிக்கும் பூச்சிமருந்துமே முதலில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுகின்றன. சந்தேகம் நியாயமானதே. ஆயினும், பல ரசாயனங்கள் ஒன்றாய்க் கலந்து மேலில் படுகிற இடத்தில், கூலிவேலை பருவத்துக்குப் பருவம் மாறுகிற வாழ்க்கையில், தாய்மாமனையோ மாமன் மகனையோ மணப்பது இன்னும் சகஜமாயிருக்கிற குடும்பங்களில், இன்ன குறைக்கு இன்ன பொருளே காரணம் என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. தொழிலிலிருந்து கருவுக்குத் தீங்கு செல்லும் வழி தெளிவாகத் தெரிகிற உதாரணத்தை இவ்வூரில் தேடுவோர், அபாயமான இடமென்று எவரும் எண்ணாத கண் ஆஸ்பத்திரிக்குள்தான் செல்ல வேண்டும்.

கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாய்க்கு வரும் ருபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மை சிசுவுக்குக் கண்புரையை உண்டாக்கும் என்பதை, 1941இல் சிட்னி நகரக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் கண்டு சொன்னார். செவியையும் இருதயத்தையும்கூட அது விடுவதில்லை. தாய்க்கோ அது லேசான காய்ச்சலும் தடிப்புமாக வந்துபோவதோடு சரி. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்புரையோடு வந்த, ஒரு வயது நிரம்பாத குழந்தைகளின் உமிழ்நீரைச் சோதித்து 1996இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ நால்வரில் ஒருவரிடம் இந்நோயின் அடையாளத்தைக் கண்டது. இவ்விதம் பிறந்த குழந்தை ஓராண்டு வரைகூட அந்நுண்கிருமியை வெளியேற்றிக்கொண்டிருக்கக் கூடும். வீறிட்டழும் அக்குழந்தையின் தலையை ஒரு கையால் அசையாமல் பிடித்து, மறு கையால் இமையை விரித்துச் சொட்டுமருந்து விடுகிறவளோ, சுற்றுக் கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு பயிற்சிக்கு வந்து, சில ஆண்டுகளில் கல்யாணமாகி, முழுகாமல் இருக்கப்போகிற பெண். ஒருத்தியின் கர்ப்பத்தில் நேர்ந்த தீங்கு மற்றொருத்தியின் கர்ப்பத்துக்குச் செல்லும் பாதையாக அவள் தொழிலே அமைந்துவிடலாம்.

மருத்துவமனையார் இதை ஊகமாக விட்டுவிடவில்லை. மதுரை, திருநெல்வேலி, கோயம்புத்தூர் ஆகிய ஊர்களின் அரவிந்த் மருத்துவமனை ஊழியர் 1,000 பேரின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வு 2004இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. மதுரையில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு எதிர்ப்புச்சக்தி இல்லை. ஊழியருக்குத் தடுப்பூசி போடுவதே வழி என்றாயிற்று. ஆனால் அந்தத் தடுப்பூசி வலுக்குறைத்த உயிர்க்கிருமியால் ஆனது; ஆகவே கர்ப்பிணிக்குப் போடலாகாது, போட்ட பின்னும் ஒரு மாதம் கருத்தரியாமல் இருக்க வேண்டும். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடந்த பெருந்தடுப்பூசி இயக்கமும் 9 மாதம் முதல் 15 வயது வரையிலான குழந்தைகளுக்கே உரியதாயிற்று. அன்று அந்த வயதைத் தாண்டியிருந்த பெண்கள் இன்று பிள்ளைபெறும் பருவத்தில் இருக்கிறார்கள்.

நான் வற்புறுத்த விரும்பும் விஷயம் இந்தக் காலக்கணக்கே. கருவுற்ற 28ஆம் நாள் அளவில் தண்டுவடமாகவும் மூளையாகவும் வளரும் குழல் மூடிக்கொள்கிறது. மற்ற அவயவங்களில் பெரும்பாலானவை எட்டாம் வாரத்துக்குள் உருக்கொண்டுவிடுகின்றன. அதாவது, நாள் தள்ளிப்போனது வீட்டாருக்குத் தெரியவரும்போதே பாதி வேலை முடிந்திருக்கும். தமிழக அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்குப் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்கிறார்கள்; நல்ல ஏற்பாடுதான், ஆனால் இந்த அபாயத்துக்கு அதுவும் பிந்தியதே. 1961ஆம் ஆண்டு மகப்பேற்றுப் பயன் சட்டமோ, கடின வேலையிலிருந்து கர்ப்பிணி கேட்டுப் பெறும் விலக்கைப் பிரசவத்தை ஒட்டிய வாரங்களுக்கே வைத்தது. பளு தூக்கும் உடம்புக்கு அது ஆறுதல்; உருவாகும் அவயவத்துக்கு அதனால் பயனில்லை.

அப்படியானால் இளம்பெண்களை இத்தகைய வேலையில் சேர்க்காமலே இருந்துவிடலாமே என்பர் சிலர். ஈயம் புழங்கும் மின்கலத் தொழிற்சாலையிலிருந்து பிள்ளைபெறும் வயதுப் பெண்களை விலக்கிய ஜான்சன் கன்ட்ரோல்ஸ் நிறுவனத்தின் விதியை 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. மதுரையிலும் அவ்வழி அநியாயமே. பாதுகாப்பின் பெயரால் சம்பளத்தைப் பறித்தால், அவள் கையுறையும் இல்லாத வேறொரு கூலிக்குத்தான் போவாள். வேலையில் சேரும் அன்றே ரத்தச் சோதனையும் தடுப்பூசியும் போலிக் அமிலமும் கிடைக்கச் செய்வது நிர்வாகத்தின் கடமையாக வேண்டும்.

சாயத்துக்கும் பூச்சிமருந்துக்கும் தடுப்பூசி இல்லை. அங்கே தேவை விசாரணை. குறையோடு குழந்தை பிறந்தால் தாயின் தொழிலென்ன என்று கேட்கிறவர், திண்ணையில் நாளெல்லாம் சுங்குடி முடிச்சுப் போடுகிறவளிடமிருந்து, "வீட்டுலதான் சும்மா இருக்கேன்" என்ற பதிலையே பெறுவார். கருவுற்ற முதல் இரண்டு மாதமும் கையால் எதையெதைத் தொட்டாள், எந்தக் காட்டில் களையெடுத்தாள், துணிக்குச் சாயம் தோய்த்தது யார் வீட்டுக் கொல்லையில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுவது, பிரசவ வார்டில் அரைமணி நேரத்து வேலை.