அதிகாரி என்னும் சொல்

விழுப்புரத்தில் பேருந்தை விட்டு இறங்கி, “ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எப்படிப் போகவேண்டும்?” என்று கேட்கிற கிராமத்தாரை, வழி சொல்லவேண்டிய ஆட்டோக்காரர், “எந்த ஆர்.டி.ஓ.? நிலத்துக்கா, லைசென்சுக்கா?” என்று திருப்பிக் கேட்பது நியாயமே. வருவாய்க் கோட்டத்தை நிருவகிக்கும் கோட்டாட்சியருக்கும், வண்டிகளுக்கு எண் வழங்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கும் இங்கிலீஷில் நடு எழுத்து வேறு வேறாயிருந்தும், தமிழ் டகரம் அவ்விரண்டையும் ஒன்றாக்கி விடுகிறது. ஈற்றில் நிற்கும் ஓகாரம் இருவர்க்கும் பொது. ‘ஆபீசர்’ என்பதன் முதலெழுத்து அது.

இந்த ஆபீசரை நம் முன்னோர் ‘அதிகாரி’ என்றும் ‘உத்தியோகஸ்தர்’ என்றும் வழங்கினர். அரசாங்கப் பலகைகளோ நெடுங்காலமாக ‘அலுவலர்’ என்று எழுதிவருகின்றன. ஆபீசர் என்பதன் லத்தீன் மூலம், வேலையைக் குறிக்கும் சொல்லும் செய்தலைக் குறிக்கும் சொல்லும் கூடிப் பிறந்ததாகலின், கடமை என்பதே அதன் பழம்பொருள். உத்தியோகம் என்பதற்கு முயற்சி என்று பொருள். பாரதத்து உத்தியோக பருவம் போருக்குச் செய்யும் ஆயத்தங்களைச் சொல்வதேயன்றி எவருடைய சம்பள வேலையையும் சொல்வதன்று. அலுவலும் வேலைதான். அதிகாரம் ஒன்றே வேறு வழியாக வந்தது: மேல் என்னும் பொருளுடைய ‘அதி’ என்ற முன்னொட்டோடு ‘செய்’ என்னும் வடமொழி வினைப்பகுதி சேர்ந்து, தலைமையில் நிறுத்துதல் என்னும் கருத்தைத் தருவது.

அச்சொல்லின் பல பொருள்களையும் ஒருங்கே காண விரும்புவோர் விழுப்புரம் மாவட்டத்து விக்கிரவாண்டி வட்டத்திலுள்ள எண்ணாயிரத்துக்குப் போவது நன்று. அங்கே அழகிய நரசிம்மப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்லூரி ஒன்றின் ஏற்பாடுகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மாணாக்கர் 340 பேர். ஆசிரியர் 14 பேர். மாணாக்கருள் 270 பேர் வேதங்களையும் தொடக்க இலக்கணத்தையும் ஓதும் இளையோர். எஞ்சிய 70 பேர் மூத்தோர். அவர்களில் 25 பேர் வியாகரணமும், 35 பேர் பிராபாகர மீமாம்சையும், 10 பேர் வேதாந்தமும் பயின்றனர். இம்மூன்று சாஸ்திரங்களிலும் அதிகாரம் என்பது ஒரு பரிபாஷைச் சொல் என்பதும், மூன்றிலும் அது வெவ்வேறு பொருள்பட நிற்பதும் என்னை நெடுநாளாக ஈர்த்துவரும் விஷயம்.

வியாகரணத்தில், தலைப்பில் நின்று தனக்குக் கீழ்வரும் சூத்திரங்களையெல்லாம் ஆளுகின்ற சூத்திரம் அதிகார சூத்திரம் எனப்படும். எழுத்ததிகாரம், சொல்லதிகாரம், பொருளதிகாரம் என்று தொல்காப்பியம் பகுக்கப்பட்டதும், திருக்குறளின் 133 பகுதிகள் அதிகாரங்கள் என்று பெயர் பெற்றதும் இவ்வழக்கை ஒட்டியனவே. மீமாம்சையிலோ, இன்ன வேள்வியைச் செய்து அதன் பயனை அடையும் உரிமை யாருக்கு உண்டு என்னும் ஆராய்ச்சி அதிகாரம் எனப்பட்டது. ஜைமினி சூத்திரங்களின் ஆறாம் அத்தியாயம் முழுதும் அவ்வாராய்ச்சியே. வேதாந்தத்தில், நூலைக் கற்பதற்குரிய பக்குவம் அடைந்த மாணவனே அதிகாரி. ஆகவே, சாஸ்திரத்தின்படி, கொடுப்பவன் குரு. கைகட்டி நின்று பெற்றுக்கொள்பவன் அதிகாரி. இன்று மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவரைச் சுட்டும் சொல், ஒரு காலத்தில் மேசைக்கு இப்பால் நின்றவரைச் சுட்டியது.

இதைச் சொல்லும்போதே மற்றொன்றையும் மறையாது சொல்லவேண்டும். தகுதியை ஆராய்ந்த அச்சாஸ்திரங்கள் பெரும்பான்மை மக்களைத் தகுதியற்றவரென்று வாயிலிலேயே தடுத்து நிறுத்தின. நான்காம் வருணத்தார்க்கு வேதத்தில் அதிகாரம் இல்லை என்பதை நிலைநாட்டுவதற்கென்றே வேதாந்த சூத்திர உரைகளில் தனிப்பகுதி உண்டு. எண்ணாயிரத்துக் கல்லூரியின் சுற்றுப்புறத்தில் உழுதும் நெய்தும் வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் அந்த 340 பேரில் இடம்பெற்றிருக்க வழியில்லை. தகுதி என்னும் பொருளிலேயே விலக்கு என்னும் பொருளும் உறைந்திருந்தமையால், இச்சொல் பின்னர் ஆணை, ஆதிக்கம் என்னும் பொருள்களுக்கு எளிதாக நகர்ந்தது என்பது என் அபிப்பிராயம்.

சோழர் கல்வெட்டுக்களில் அந்நகர்வு முற்றுப்பெற்றிருக்கிறது. முற்காலத்து வேந்தர் ஏனாதி என்றும் காவிதி என்றும் எட்டி என்றும் பட்டமளித்து மோதிரமோ பொற்பூவோ வழங்கினர். திண்டிவனத்துக் கிடங்கிலில் கோட்டை கொண்டிருந்த ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் புலவர்கள் பாடிய காலம் அத்தகையது. சோழப் பேரரசிலோ, அரசன் வாய்மொழிந்ததைத் திருமந்திர ஓலை எழுத, ஓலைநாயகம் ஒப்பிட, புரவுவரித் திணைக்களத்தார் வரிப்பொத்தகத்தில் ஏற்றிக்கொள்ளும் நீண்ட வரிசை ஒன்று உருவாயிற்று; அவ்வரிசையில் ‘அதிகாரிகள்’ என்று மரியாதைப் பன்மையில் குறிக்கப்பெற்றவர் பலர் மூவேந்தவேளார் என்னும் பட்டத்தையும் தாங்கினர். 1987-இல் இதே வட்டாரத்து எசாலத்தில் கிடைத்த இராசேந்திரன் செப்பேடுகளும் அவ்வாட்சி முறையின் விளைச்சலே. ‘அதிகாரிச்சி’ என்ற பெண்பால் வடிவமும் சோழர் கல்வெட்டில் உண்டு. அரண்மனை சார்ந்த பணியில் பெண்டிர் இருந்தமைக்குச் சான்றாகும் அவ்வழகிய சொல்லை நாம் இழந்துவிட்டது பெரிய நட்டம்.

பின்வந்த ஆட்சிகள் வேறு சொற்களைக் கொணர்ந்தன. செஞ்சிக் கோட்டையைக் காத்தவர் கில்லேதார் ஆனார். வரி வாங்குபவர் தாசில்தார் ஆனார். தாசில் என்பது வசூல். கலெக்டர் என்பதும் வசூலிப்பவரே. நம் பழந்தமிழில் அவ்வேலைக்குத் தண்டல் என்று பெயர். அன்றாட வட்டிக்குப் பணம் கொடுத்து மாலையில் கடைகடையாக வந்து வாங்கிச் செல்பவரை நம்மூர்க் கடைவீதி இன்றும் தண்டல்காரர் என்கிறது. 1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் தென்னார்க்காடு பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமானபோது இங்கே அமர்ந்தவரின் பதவிப்பெயர் ஆட்சியர் என்பதாயினும், மனு எழுதுவோர் வாயில் அவர் கலெக்டரே.

கிராமத்தில் நடந்ததே இச்சரித்திரத்தின் முக்கியமான பகுதி. மணியக்காரரும் கர்ணமும் ‘கிராம அதிகாரிகள்’ எனப்பட்டனர்; பட்டா, சிட்டா, அடங்கல் யாவும் கணக்குப்பிள்ளையின் வீட்டுப் பெட்டிக்குள் இருந்தன. ஓர் ஏழை தன் நிலத்தின் புல எண்ணை அறியவேண்டுமானாலும் அவ்வீட்டுத் திண்ணைக்கு வெளியே காத்து நிற்கவேண்டும். எந்தத் திண்ணையில் யார் ஏறலாம் என்பதை ஊர் ஏற்கெனவே தீர்மானித்திருந்தது. 1895-ஆம் வருஷத்துச் சென்னைச் சட்டம் அப்பதவிகளை வமிசபரம்பரை உரிமையாகவே பாவித்தது. அவ்வுரிமை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 1960-இல் ஆந்திர வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பிறப்பித்த அவசரச் சட்டம் பகுதிநேரக் கிராம அதிகாரிப் பதவிகளையே ஒழித்தது. 1982-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அவ்விடத்தில் வந்தவர் கிராம நிர்வாக அலுவலர். அவர் தேர்வெழுதி வருபவர். எந்தக் குடியிற் பிறந்தவரும் எழுதலாம். அதிகாரம் என்பதன் பழைய தகுதிப்பொருள், விலக்கு நீங்கி, அதிகாரி என்ற பெயர் போன பிறகே பதவிக்குள் திரும்பியது என்பேன்.

ஏனைய துறைகளில் இவ்வளவு தெளிவில்லை. தேர்தலில் ‘தேர்தல் நடத்தும் அலுவலர்’, போலீஸில் ‘விசாரணை அதிகாரி’, கம்பெனிகளில் ‘தலைமை நிர்வாக அதிகாரி’ என்று இரண்டும் கலந்தே வழங்குகின்றன. பழைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபாரில் ஊர்த்தலைவரே அதிகாரி. கண்டி இராச்சியத்திலோ மன்னனுக்கு அடுத்த முதன்மை மந்திரி அதிகாரம் எனப்பட்டார். யாழ்ப்பாணத்தார் ‘கிராம உத்தியோகத்தர்’ என்று எழுதி, ‘விதானையார்’ என்று பேசுகின்றனர்.

திண்டிவனத்தில் சார் ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. பழங்குடியினர்க்குச் சாதிச் சான்று வழங்கும் பொறுப்பு 1989 முதல் வட்டாட்சியரிடமிருந்து கோட்டாட்சியர், சார் ஆட்சியர் நிலைக்கு உயர்த்தப்பட்டமையால், செங்கற் சூளையிலும் வயலிலும் கூலிவேலை செய்யும் இருளர் குடும்பத்தார், பிள்ளையின் பள்ளிப் படிப்புக்கென அந்த அலுவலகத்துக்கு வரவேண்டியிருக்கிறது. தாய் தந்தையர்க்குச் சான்று இருக்கிறதா என்று கேட்கப்படுகிறது. அவர்களோ பள்ளி வாயிலை மிதியாதவர்கள். ஒரு நாட் கூலியை இழந்து வந்து, “ஐயா இன்றைக்கு முகாமுக்குப் போயிருக்கிறார்” என்ற விடையோடு பேருந்து ஏறுகிறவர்கள் உண்டு. சட்டம் சான்றளிப்பவரைத் தகுதி வாய்ந்த அதிகாரி என்கிறது. பெறுவதற்குத் தகுதியுடையவரே அதிகாரி என்று பத்து மாணாக்கர் வேதாந்தம் ஓதிய எண்ணாயிரத்தின் வழக்கை இவ்விடத்தில் வைத்துப் பார்த்தால், அங்கே அதிகாரிகள் என்ற பெயருக்கு உரியவர்கள் வெளித் தாழ்வாரத்தில் மனுவோடு நிற்கும் அந்தத் தாயும் பிள்ளையுமே.