சைக்ளின் டி1

செல் பிரிவைத் தொடக்கத்திலேயே முடுக்கிவிடும் புரதம். மேன்டில் செல் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றின் அடையாளமாக அறியப்படுகிறது. இதற்கான மரபணு 11ஆம் குரோமோசோமில் உள்ளது.

சைக்ளின்கள் முதலில் தென்பட்டது மருத்துவமனையில் அல்ல, கடற்கரையில். 1982இல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலுயிரியல் ஆய்வகத்தில் கடல்முள்ளெலி முட்டைகளை ஆராய்ந்த டிம் ஹன்ட், ஒரு புரதம் ஒவ்வொரு பிரிவுக்கு முன்பும் பெருகிப் பின் சட்டென மறைவதைக் கண்டார். இதற்காக 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

புற்றுநோய் ஆய்வு வேறு தடத்தில் போய்க்கொண்டிருந்தது. சில லிம்போமாக்களில் 11, 14ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது 1970களிலேயே தெரியும். 1984இல் சுஜிமோட்டோ, குரோச்சே குழுவினர் அந்த முறிவிடத்தைப் பிரித்தெடுத்து பிசிஎல்1 என்றனர். பெயர் கிடைத்தது, மரபணு கிடைக்கவில்லை. அக்கம்பக்கம் தேடியும் பல ஆண்டுகள் ஒன்றும் சிக்கவில்லை. கடைசியில் துப்பு கொடுத்தது பாராதைராய்டு சுரப்பிக் கட்டி. அதில் ஆண்ட்ரூ ஆர்னால்டு குழு கண்டெடுத்த பிராட்1 மரபணு ஒரு சைக்ளினுக்குரியது என்று 1991இல் தெரிந்தது; தேடப்பட்ட சைக்ளின் டி1 மரபணு அதுவே. சார்ல்ஸ் ஷெர், டேவிட் பீச் ஆய்வகங்களும் அதே ஆண்டில் தனித்தனியே அதை எட்டின. முறிவிடத்துக்கும் மரபணுவுக்கும் இடையே லட்சம் டிஎன்ஏ எழுத்துகளுக்கு மேல் இடைவெளி. தேடியவர்களைக் குறை சொல்ல முடியாது.

14ஆம் குரோமோசோமில் இருப்பது எதிர்ப்பொருளை உருவாக்கும் மரபணு. பி செல்களில் அது ஓயாமல் இயங்கும். துண்டுகள் இடம்மாறும்போது சைக்ளின் டி1 மரபணு அதன் தூண்டுபகுதிக்கு அருகே வந்து சேர்வதால், இயல்பான பி செல்லில் அடங்கிக் கிடக்கும் சைக்ளின் டி1 அளவின்றிச் சுரக்கிறது. சிடிகே4, சிடிகே6 நொதிகளோடு இணைந்து, பிரிவைத் தடுத்துநிறுத்தும் ஆர்பி புரதத்தை முடக்குகிறது. திசுச் சோதனையில் இப்புரதத்துக்குச் சாயமேற்றிப் பார்ப்பது இன்று நோயறியும் வழக்கமான முறை. மல்டிபிள் மைலோமா நோயாளிகளில் ஆறில் ஒருவர் அளவிலும் இதே இடமாற்றம் உண்டு.

ஆனால் குற்றம் முழுவதையும் இதன்மேல் சுமத்த இயலாது. பி செல்களில் இதை மிகையாகச் சுரக்கவைத்த எலிகளுக்கு அதனால் மட்டும் எளிதில் லிம்போமா வரவில்லை என்று 1994இல் வெளியான ஆய்வுகள் காட்டின. மிக் போன்ற துணைமரபணு தேவைப்பட்டது.

மருந்துகளின் கதையும் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. சிடிகே4, சிடிகே6 நொதிகளைத் தடுக்கும் பால்போசைக்ளிப் 2015இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது மார்பகப் புற்றுக்கு. மேன்டில் செல் லிம்போமாவுக்கு 2013இல் ஒப்புதல் பெற்ற இப்ரூட்டினிப் தடுப்பதோ பிடிகே என்ற வேறொரு நொதியை.