குழியில் விழுந்த கன்று: ‘சாங்’ படத்தைப் பின்னவலையிலிருந்து பார்த்தல்

மெரியன் கூப்பரும் எர்னஸ்ட் ஷோட்சாக்கும் சியாமின் வடபகுதிக் காட்டில் எடுத்து, 1927இல் பாரமவுண்ட் வெளியிட்ட ‘சாங்’ என்னும் மௌனப்படம் பற்றிய விவாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியில் நின்றுவிடுகிறது: எது உண்மை, எது நடிப்பு? பல காட்சிகள் திரும்ப நடிக்கவைத்து எடுக்கப்பட்டவைதாம். புலியும் சிறுத்தையும் கேமரா முன் உண்மையாகவே கொல்லப்பட்டன; எந்தக் கலைநயமும் அதை நியாயப்படுத்தாது. ஆனாலும் இந்தக் கேள்வியிலேயே நின்றால் படம் தரும் முக்கியமான சான்று கைநழுவிப் போகும் என்பதே என் வாதம்.

படத்தின் இடையே வரும் எழுத்துரைகள் காட்டை மனிதனின் ஆதிப் பகையாக நிறுத்துகின்றன. காட்சிகளின் வரிசை வேறொன்றைச் சொல்கிறது. குரூ என்ற உழவன் காட்டை வெட்டி நெல் போடுகிறான். பயிரை ஏதோவொரு விலங்கு அழிக்கிறது. அதைப் பிடிக்கக் குழி வெட்டுகிறான், விழுந்தது யானைக்கன்று. தூண்கள்மேல் நிற்கும் தன் வீட்டின் அடியில் அதைக் கட்டிவைக்கிறான். தாய் யானை தேடி வருகிறது, தூண்களைப் பெயர்க்கிறது, வீடு சரிகிறது. அதன் பின்னரே யானைக்கூட்டம் ஊருக்குள் புகுகிறது. முடிவில் அந்தக் கூட்டத்தையே பட்டியில் அடைத்து, பழக்கி, வேலை வாங்குகிறார்கள். பகை என்கிறது எழுத்துரை. படத்தொகுப்போ காரணத்தை முன்னால் வைத்துவிட்டது.

படம் வெற்றியாகக் காட்டும் அந்தப் பட்டி இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்துக்கும் பழக்கமானது. இரத்தினபுரி மாவட்டத்துப் பனாமுரவில் 1950இல் போடப்பட்டதே இலங்கையின் கடைசி யானைப்பட்டி. அதில் பணிய மறுத்த பெரிய யானை சுட்டுக் கொல்லப்பட்டது. மக்கள் கொதித்தார்கள், அந்த வழக்கம் அத்தோடு முடிந்தது.

அதே சப்ரகமுவவில், ரம்புக்கனைக்கு அருகே, மகா ஓயாக் கரையில், 1975இல் பின்னவலை யானைகள் அநாதை இல்லம் அமைந்தது. அங்கு வந்த கன்றுகளில் பல, வறட்சியில் தண்ணீர் தேடிக் குழிகளில் விழுந்து தாயைப் பிரிந்தவை. சமா என்ற யானை கண்ணிவெடியில் முன்காலின் பாதத்தை இழந்தது. மூன்று காலில் ஊன்றி நடக்கும் அதைப் பார்த்தவர் எவரும் காட்டின் கொடுமை என்று சொல்லத் துணியமாட்டார்.

இதனால் பழியைக் குரூமீது போட்டுவிடலாகாது. அவன் சிறு உழவன். இலங்கையின் மலைகளிலும் கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் காடு வெட்டப்பட்டபோது கோடரி பிடித்தவர்களில் நம் மூதாதையரும் இருந்தார்கள். எந்தக் காடு போகவேண்டும் என்று தீர்மானித்தவர்கள் அவர்கள் அல்லர். அந்த மேல்நிலை முடிவு ‘சாங்’கில் எங்குமே இல்லை. படத்தின் மெய்யான குறை இதுதான். திரும்ப நடித்தது அன்று.

இதே இருவர் 1933இல் எடுத்த ‘கிங் காங்’கில் அந்தக் குறை ஓரளவு நீங்குகிறது. அங்கே விலங்கைப் பிடித்துச் சங்கிலியிட்டு நகரத்துக்குக் கொண்டுவருபவன் பட்டினி கிடக்கும் உழவனல்லன். காசு பார்க்க வந்த படத்தயாரிப்பாளன்.