சாமைக் கொல்லையும் சௌசௌ பந்தலும்: சேர்வராயன் மலையில் மழைக்காலக் காய்கறியின் வரலாறு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சுமார் 30 கி.மீ. தூரம், இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இந்தக் குறுகிய தொலைவுக்குள் உழவரின் பருவக் கணக்கே வேறாகிவிடுகிறது. கீழே ஆண்டு மழை ஏறக்குறைய 1,000 மி.மீ.; மேலே அது 1,500 மி.மீ. அளவை எட்டுகிறது. சமவெளியில் ஆடிப்பட்டத்தை எதிர்பார்த்து நிலம் உழுது காத்திருக்கும் நாட்களில் மலைக்காரர் விதைப்பில் பாதியை முடித்திருப்பார். சித்திரையில் இடியோடு வரும் கோடை மழை, ஆனி தொடங்கிப் புரட்டாசி வரை வலுக்கும் தென்மேற்குப் பருவம், ஐப்பசி, கார்த்திகையில் வந்து சேரும் வடகிழக்குப் பருவம் என மூன்று மழைகளும் இந்த மலைக்கு உண்டு.

மழை வரும் இந்த வரிசை இருநூறு ஆண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. ஆனால் அந்த மழையை நம்பி எந்தக் காயை, எந்த மாதத்தில், நிலத்தின் எந்த மூலையில் விதைப்பது என்பது பலமுறை மாறியிருக்கிறது. மண்ணிலும் வானிலையிலும் மட்டும் தேடினால் இதற்குக் காரணம் கிடைக்காது. சரிவின் நடுவில் எந்தப் பயிர் தலைமை ஏற்றிருந்ததோ, அது விட்டுவைத்த இடத்திலும் நேரத்திலும்தான் காய்கறி வாழ்ந்திருக்கிறது. சேர்வராயன் மலைக் காய்கறியின் வரலாற்றை அந்தத் தலைமைப் பயிர்களின் வழியே படிப்பதுதான் பொருத்தம்.

முதல் தலைமை சிறுதானியத்துடையது. இம்மலையின் பழங்குடிகளான மலையாளிகள் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்று சொல்வது வழக்கம். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று உடன்பிறந்தார் சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை ஆகியவற்றில் பிரிந்து குடியேறினார்கள் என்பது அந்த மரபுக்கதை. இந்த மலைகளின் கொல்லைகளில் சாமை, கேழ்வரகு, தினை ஆகியவை விளைந்தன. அவற்றினூடே மொச்சையும் அவரையும் பரங்கியும் ஏறிப் படர்ந்தன. காய்கறிக்கென்று தனி நிலம் ஒதுக்கப்படவில்லை. தானியத்தோடு சேர்ந்தே அதுவும் விதைக்கப்பட்டது.

இந்தக் கலப்பு விதைப்பின் நுட்பத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சாமை குறுகிய காலப் பயிர். சுமார் மூன்று, நான்கு மாதங்களில் கதிர் அறுத்துவிடலாம். பழைய மொச்சை, அவரை வகைகளின் இயல்பு நேரெதிர். பகல் நேரம் குறையத் தொடங்கினால்தான் அவை பூக்கும். வைகாசியில் விதைத்தாலும் ஆடியில் விதைத்தாலும் கார்த்திகை, மார்கழிப் பனியில்தான் அவை பூவெடுக்கின்றன. மழைக்காலம் முழுவதும் கொடி வளர்ந்து வேரோடுவதிலேயே கழிகிறது. சாமையை அறுத்த பிறகு வெளிச்சமும் இடமும் கொடிக்குக் கிடைக்கின்றன. பூ பிடிக்கும் நேரத்தில் பெருமழை ஓய்ந்துவிடுவதால் பூ உதிர்வு குறைகிறது. மண்ணில் தங்கிய ஈரமும் இரவுப் பனியும் காய்க்குப் போதும். இப்படி ஒரே உழவில், ஒரே மழையில், புரட்டாசிக்குத் தானியமும் தையில் காயும் வீட்டுக்கு வந்தன. வேர் முடிச்சுகளில் தழைச்சத்தைச் சேர்த்துவைத்த மொச்சை அடுத்த ஆண்டுச் சாமைக்கும் உதவியது. பகல் நேரத்துக்கும் பூப்புக்கும் உள்ள தொடர்பைத் தாவரவியல் 20ஆம் நூற்றாண்டில்தான் விளக்கியது. மலைக் கொல்லையின் நடைமுறை அதற்கு வெகுகாலம் முன்பே அந்தத் தொடர்பின்மேல் கட்டப்பட்டிருந்தது.

இம்மலையில் மனித வாழ்வு எவ்வளவு பழையது என்பதற்கு இன்னொரு தடயமும் உண்டு. 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் தம் பிற்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தவர். சேர்வராயன் மலையில் கிடைத்த வழவழப்பான புதிய கற்காலக் கோடரிகளையும் அவர் சேகரித்தார். மரம் வெட்டி நிலம் திருத்தும் வேலைக்கு ஏற்ற கருவிகள் அவை. அவற்றைப் பயன்படுத்தியவர்கள் என்ன பயிரிட்டார்கள் என்பதற்கு அந்தக் கற்கள் சாட்சி சொல்லா. தென்னிந்தியாவின் பிற புதிய கற்கால ஊர்களில் கொள்ளும் பாசிப்பயறும் சிறுதானியங்களும் கரிந்த மணிகளாகக் கிடைத்திருக்கின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மொச்சையும் பிற்பட்ட அடுக்குகளில் சேர்கிறது. மழையை நம்பித் தானியமும் பயறும் சேர்த்து விதைக்கும் முறைக்குத் தென்னாட்டில் ஆழமான வேர் உண்டு என்று சொல்ல அது போதும்.

1792இல் மைசூர்ப் போரின் முடிவில் சேலம் பகுதி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியையும் பேரிக்காய் முதலிய பழமரங்களையும் அறிமுகப்படுத்தினார். கிரேஞ்ச் தோட்டத்தின் பெயர் அவரோடு இணைத்தே சொல்லப்படுகிறது. ஏறக்குறைய இதே காலத்தில் நீலகிரியில் ஜான் சல்லிவன் உருளைக்கிழங்கு முதலிய ஐரோப்பியக் காய்களைப் பயிரிடச் செய்துகொண்டிருந்தார். உதகையின் தாவரவியல் பூங்காவே 1840களில் அங்கிருந்த ஐரோப்பியர்கள் சந்தா கட்டிக் காய்கறி பெறுவதற்காகத் தொடங்கிய தோட்டத்திலிருந்து வளர்ந்ததுதான். இரு மலைகளின் பாதைகளும் இங்கே பிரிந்தன. உயரமும் குளிரும் கூடிய உதகையில் உருளையும் கேரட்டும் முட்டைக்கோசும் வயலையே பிடித்தன. 1,500 மீட்டர் அளவில் நிற்கும் ஏற்காட்டில் காப்பி வென்றது.

காப்பியின் தலைமை காய்கறியைச் சரிவின் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளியது. காப்பிக்கு நிழல் வேண்டும். மொச்சைக்கும் பரங்கிக்கும் வெயில் வேண்டும். மழை தொடங்கியதும் காப்பிக் கன்று நடவும் களையெடுப்பும் ஆளைக் கேட்கின்றன. கார்த்திகை முதல் தை வரை பழம் பறிக்க ஆள் வேண்டும். மொச்சை காய்த்துக் குலுங்கும் காலமும் அதுவேதான். தோட்டத்துக் கூலிக்குப் போன குடும்பத்துக்குத் தன் கொல்லையில் பறிக்கவும் காயவைக்கவும் கை குறைந்தது. எனவே காய்கறி வீட்டுப் புழக்கடைக்கும் வேலியோரத்துக்கும் வந்தது. 1860களில் சேலத்தைத் தொட்ட இரயில் பாதையும் பின்னர் அமைந்த மலைச்சாலையும் காப்பிக்குச் சந்தையைத் திறந்தன. கெட்டுப்போகும் காய்களுக்கு அந்தப் பயன் வெகுகாலம் கழித்தே கிடைத்தது. தோட்ட வரலாறுகள் பெரும்பாலும் துரைமார் எதைக் கொண்டுவந்தார்கள் என்று பேசுகின்றன. அந்தப் புதுப்பயிரோடு பழைய கொல்லை எப்படி இடம் பங்கிட்டது என்பதும் அதே அளவு முக்கியமான கேள்வி.

20ஆம் நூற்றாண்டில் மலையாளிக் குடும்பங்களே காப்பியும் மிளகும் வைக்கத் தொடங்கின. சில்வர் ஓக் மரத்தில் மிளகு ஏறியது. நியாயவிலைக் கடை அரிசி ஊருக்குள் வந்ததும் சாமையின் பரப்பு சுருங்கியது. சாமையை இழந்த நிலத்தில் மொச்சைக்கும் பழைய துணை இல்லாமல் போனது. கொல்லிமலையிலும் இதே சரிவு, மரவள்ளியின் வருகையால் நேர்ந்தது; அங்கே எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியங்களை மீட்கப் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறது.

அடுத்த மாற்றம் ஆராய்ச்சி நிலையத்தின் வழியாக வந்தது. 1971இல் உருவான தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்களில் ஒன்று ஏற்காட்டில் இயங்குகிறது. ஏற்காடு 1 என்ற குத்துச்செடி பீன்ஸ் ரகம் இந்த மலையின் பெயரையே தாங்கியது. பீன்ஸ் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். பகல் நேரத்துக்காக அது காத்திருப்பதில்லை. விதைத்த ஐம்பது நாளளவில் காய் தந்து எழுபது, எண்பது நாளில் முடிந்துவிடும். எந்த மாதத்தில் பறிப்பது என்று விவசாயியே தீர்மானிக்கலாம் என்பதே அதன் பெருங்கவர்ச்சி.

ஆனால் அந்த உரிமைக்கு மழை எல்லை வகுக்கிறது. பீன்ஸுக்கு வேரில் நீர் தேங்கக் கூடாது. கடும் வெயிலில் பூ உதிரும். தொடர்மழையில் காயிலும் இலையிலும் ஆந்த்ராக்னோஸ் புள்ளி விழும். அந்தப் பூஞ்சை விதையிலேயே ஒளிந்திருந்து, மழைத்துளி தெறிக்கும்போது செடிக்குச் செடி பரவுகிறது. ஆகவே கோடை மழையின் ஈரத்தில் சித்திரை, வைகாசியில் விதைத்து, பெருமழை உச்சத்தைத் தொடுமுன் ஆடிக்குள் பறித்து முடிப்பது ஒரு வழி. மழை தணியும் நேரம் பார்த்து மீண்டும் விதைப்பது மற்றொன்று. நடுமழையில் விதைத்தே தீர வேண்டும் என்றால் மேட்டுப்பாத்தியும் வடிகாலும் நோயில்லாத விதையும் கட்டாயம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பயறு இனமாயினும் பீன்ஸ் தழைச்சத்தைச் சேர்ப்பதில் மிகவும் பின்தங்கியது. மொச்சை இருந்த இடத்தில் பீன்ஸை வைத்தவர் மண்ணுக்குத் தொழு உரத்தால் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது.

பெங்களூர் கத்தரிக்காய் என்று சந்தையில் விற்கப்படும் சௌசௌவின் கதை வேறு. மெக்சிகோப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட இந்தக் கொடி மொச்சையைப் போலவே பகல் குறையும்போது பூக்கிறது. விதையைத் தனியே எடுக்க முடியாது. முளைவிட்ட முழுக்காயையே குழியில் வைக்க வேண்டும். மலையில் சித்திரை, வைகாசியில் நட்டால் தென்மேற்கு மழையில் கொடி பந்தலை மூடும். ஐந்தாறு மாதத்தில் காய் தொடங்கும். சாமைக் கொல்லையில் மொச்சை செய்த அதே காலக் கணக்கை இந்த அயல்நாட்டுக் கொடி பந்தலின்மேல் செய்கிறது. மலைச் சிறு விவசாயி அதை எளிதாக ஏற்றதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது இக்கட்டுரையின் கருத்து. பந்தலின் இலைப்பரப்பு மழைத்துளியின் அடியைத் தாங்கிக்கொள்வதால் கீழிருக்கும் மண் குறைவாகவே கரைகிறது. பந்தல் போடும் செலவும் காய் ஈயின் தொல்லையும் மறுபக்கம் நிற்கின்றன.

மண்ணரிப்புதான் இந்த வரலாறு முழுவதையும் கடந்து நிற்கும் சிக்கல். சாமை நெருக்கமாக முளைத்து மழையின் முதல் வேகத்தைத் தாங்கியது. காப்பித் தோட்டத்தில் அதை நிழல்மரமும் சருகும் செய்கின்றன. வரிசையாக விதைத்து அடிக்கடி களைகொத்தும் காய்கறி வயலோ ஆவணி, புரட்டாசி மழைக்கு வெற்றுமண்ணைக் காட்டுகிறது. கற்கட்டு வரப்பும் சரிவுக்குக் குறுக்கே போட்ட பாத்தியும் இல்லாத காய்கறிச் சாகுபடி இங்கே நிலத்தைத் தின்னும் சாகுபடியாகிவிடும்.

சந்தை வந்த பிறகு தேர்வுக்கு இன்னொரு அளவுகோலும் சேர்ந்தது. 1999 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய உழவர் சந்தைகள் சேலத்தில் சூரமங்கலம், அம்மாபேட்டை போன்ற இடங்களில் அமைந்தன. மலைக்காய் இடைத்தரகரில்லாமல் நகரத்துக்கு இறங்க அவை வழி செய்தன. ஆனால் பாதை திறந்திருந்தால்தான் காய் இறங்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சமாகக் கொட்டிய பெருமழையில் ஏற்காட்டு மலைச்சாலையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அத்தகைய நாட்களில் பறித்த பீன்ஸ் இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். சௌசௌ வாரக்கணக்கில் தாங்கும். மொச்சையைக் காயவிட்டுப் பயறாக எடுத்து ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்ளலாம்.

அண்மைக்கால ரக உருவாக்கத்தில் பகல் நேரத்தைப் பொருட்படுத்தாமல் எந்தப் பட்டத்திலும் காய்க்கும் குத்து அவரைக்கு முன்னுரிமை கிடைத்தது. பாசன வசதியுள்ள சமவெளிக்கு அது பெரும் நன்மை. மானாவாரிச் சரிவில், பெருமழைக்கு நடுவே பூக்கும் அவரை பழைய வகையின் பாதுகாப்பை இழக்கிறது. ஆகையால் மலையூர்களில் இன்னும் வேலியோரத்தில் மிஞ்சியிருக்கும் மொச்சை, அவரை விதைகளைத் திரட்டி, காப்பிக் கன்றுகள் இளமையாக இருக்கும் முதல் மூன்று ஆண்டுகளில் இடைவெளியில் விதைத்துச் சோதிக்க வேண்டும். அவை எந்தத் தேதியில் பூக்கின்றன, எவ்வளவு தழைச்சத்து சேர்க்கின்றன, காப்பிப் பறிப்போடு ஆள் தேவையில் எங்கே மோதுகின்றன என்பதை விவசாயியின் நிலத்திலேயே அளக்க வேண்டும். ஏற்காட்டிலேயே ஆராய்ச்சி நிலையம் இருப்பதால் இந்த வேலையைத் தொடங்க வேறெங்கும் போக வேண்டியதில்லை. வருகிற சித்திரையின் முதல் கோடை மழைக்குள் விதைகளைத் திரட்டிவிட்டால், அடுத்த மார்கழியில் முதல் பூப்புக் கணக்கு கிடைத்துவிடும்.